ஜோடிக் கணக்கில் வாங்கிய மீன்களும் கிழிந்த வால்களும்

மீன் கடையில் விலை சொல்வதே ஜோடிக்குத்தான். ஏஞ்சல் ஜோடி இவ்வளவு, டைகர் பார்ப் ஜோடி இவ்வளவு, மோலி ஜோடி இவ்வளவு. கொளத்தூர் கடைத்தெருவிலும் அப்படித்தான், பல்லாவரம் வெள்ளிச் சந்தையிலும் அப்படித்தான். புதிதாக இரண்டடித் தொட்டி வாங்கிய குடும்பம் ஆறேழு வகையில் இரண்டிரண்டாகப் பிடித்துக்கொண்டு வீடு திரும்பும். கொஞ்ச நாளில் எனக்கு வாட்ஸ்அப்பில் படம் வரும். ஏஞ்சலின் அடித்துடுப்பு பாதிதான் இருக்கும், கப்பியின் வால் சீப்புப் பல் மாதிரி கிழிந்திருக்கும். கூடவே ஒரு கேள்வி: "சார், வால் அழுகல் வந்திருச்சு, என்ன மருந்து ஊத்தணும்?"

வீடுகளிலும் அலுவலகங்களிலும் மீன் தொட்டி பராமரிப்பது என் தொழில். இப்படி வரும் படங்களில் பெரும்பாலானவை நோயே இல்லை, கடி. மருந்து ஊற்றினால் கடிக்கிற மீன் கடிப்பதை விடாது. நீல மருந்தான மெத்திலீன் ப்ளூவை நேராகத் தொட்டியிலேயே ஊற்றினால் ஃபில்டரில் வாழும் நல்ல பாக்டீரியாவும் சாகும், மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியா ஏறும், கடிபடாத மீனும் மேலே வந்து வாயைத் திறக்கும்.

கடியையும் அழுகலையும் பிரித்துப் பார்ப்பது அவ்வளவு கடினமில்லை. கடி என்றால் துடுப்பு ஓரத்தில் அரைவட்டமாகவோ கூராகவோ துண்டு போயிருக்கும், வெட்டு சுத்தமாக இருக்கும். நேற்றிரவு முழுதாக இருந்த வால் இன்று காலை குறைந்திருக்கும். அதுவும் எல்லா மீனுக்கும் வராது. நீளத் துடுப்பை இழுத்துக்கொண்டு மெதுவாக நீந்துகிற ஒன்றிரண்டுக்குத்தான் வரும். அழுகல் வேறு மாதிரி. ஓரம் வெளுத்தோ சிவந்தோ நைந்துபோகும், நாளுக்கு நாள் உடலை நோக்கி ஏறும். தண்ணீர் கெட்ட தொட்டியில் கடிபட்ட இடமே அழுகத் தொடங்கும் என்பதால் இரண்டும் சேர்ந்தும் வரலாம். அரைநிலா போல வால் விரியும் ஹாஃப்மூன் வகை ஃபைட்டர் மட்டும் தனிக் கதை. கண்ணாடிக் குடுவையில் தனியாகவே இருக்கும், ஆனாலும் வால் கிழிந்திருக்கும். பாரமான வாலைத் தானே கடித்துக்கொள்ளும் பழக்கம் அவற்றில் சிலவற்றுக்கு உண்டு.

கடி என்று தெரிந்தால் அடுத்த வேலை, யார் என்று கண்டுபிடிப்பது. காலையில் விளக்கைப் போட்டு, இரை போடுவதற்கு முன் ஒரு கால் மணி நேரம் அசையாமல் எதிரே உட்காருங்கள். அடிபட்ட மீனையே பார்த்துக்கொண்டிருக்காமல் அதன் பின்னால் யார் போகிறார்கள் என்று பாருங்கள். பகலில் எதுவும் சிக்கவில்லை என்றால் இரவு விளக்கை அணைத்து ஒரு மணி நேரம் கழித்து டார்ச் அடியுங்கள். பாசி தின்னும் என்று வாங்கி விட்ட சைனீஸ் ஆல்ஜி ஈட்டர் வளர்ந்த பிறகு ஏஞ்சல், கோல்டு ஃபிஷ் போன்றவற்றின் விலாவில் ஒட்டிக்கொண்டு உடல்மேல் இருக்கும் வழவழப்பை உறிஞ்சும். கண்ணாடியில் வாயால் ஒட்டிக்கொள்ளும் சக்கர் மீனும் பசித்தால் இதைச் செய்யும். அங்கே துடுப்பு முழுதாக இருக்கும், உடலில்தான் வெளுத்த திட்டுகள் தெரியும்.

பெரும்பாலான வீடுகளில் சிக்குவது டைகர் பார்ப். சுமத்ரா, போர்னியோ பக்கத்து ஓடை மீன், கூட்டமாக வாழ்வது. அந்தக் கூட்டத்துக்குள் யார் பெரியவர் என்ற தள்ளுமுள்ளு நாள் முழுக்க நடக்கும். ஒன்றையொன்று துரத்தும், கொத்தும். எட்டுப் பத்து இருந்தால் அந்த அடி எல்லாருக்கும் பங்காகிவிடும், யாருக்கும் காயம் தெரியாது. இரண்டே இரண்டு இருந்தால் ஒன்று எப்போதும் ஓடிக்கொண்டே இருக்கும். அது ஒளிந்துகொண்டதும் மற்றதன் கவனம் எதிரே ஆடும் ஏஞ்சலின் துடுப்புக்கும் கௌராமியின் மீசைக்கும் போகும். விடோ டெட்ரா, செர்ப்பே டெட்ரா ஆகியவற்றின் கதையும் இதுதான். இப்போது பச்சை, ஆரஞ்சு, ஊதா என்று ஒளிர்கிற 'குளோ' மீன்கள் பல விற்கின்றனவே, அவற்றில் பலவற்றின் அடியில் இருப்பது விடோவும் டைகரும்தான். நிறம் மாறினாலும் குணம் மாறவில்லை.

அதனால் "ரெண்டு டைகர் இருக்கே, எடுத்துடலாமா?" என்று கேட்பவரிடம், தொட்டி மூன்றடியாக இருந்தால், இன்னும் ஏழெட்டு வாங்குங்கள் என்பேன். நான் கமிஷன் வாங்குகிறேனோ என்று சந்தேகமாகப் பார்ப்பார்கள். ஆனால் கூட்டம் பெரிதானால் கடி குறையுமே தவிர நின்றுவிடாது. ஏஞ்சல், ஃபைட்டர், நீள வால் கப்பி இருக்கும் தொட்டியில் டைகர் எத்தனை இருந்தாலும் கூடாது என்பதே என் கட்சி. இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரத் தொட்டி சுமார் 56 லிட்டர்தான். கல், மணல் போக 45 நிற்கும். அதில் பத்து டைகருக்கு இடமில்லை. பார்ப்தான் வேண்டும் என்றால் இலங்கையின் தென்மேற்கு ஓடைகளுக்கே உரிய செர்ரி பார்ப் ஆறு விடுங்கள். சாது மீன், ஆண் சிவந்தால் டைகரைவிட அழகு.

ஜோடிக் கணக்கு வேறு விதமாகவும் கெடுக்கும். ரெட் டெயில் ஷார்க், ரெயின்போ ஷார்க் இரண்டும் கெண்டைக் குடும்பம்தான், பெயரில் மட்டுமே சுறா. இவை தனிக்காட்டு ராஜாக்கள். தொட்டிக்கு ஒன்றுதான், ஜோடியாக விட்டால் ஒன்று மற்றதைச் சாகும்வரை விரட்டும். ஏஞ்சல் இரண்டு உண்மையிலேயே ஜோடி சேர்ந்து முட்டையிட்டுவிட்டால் தொட்டியில் பாதியை வளைத்துப் போட்டுக்கொண்டு மற்ற எல்லோரையும் எதிர் மூலையில் நெருக்கித் தள்ளும். கப்பி, மோலியில் ஆணொன்று பெண்ணொன்று என்றால் ஆண் விடாமல் துரத்தியே அந்தப் பெண் இளைத்துப்போகும். ஓர் ஆணுக்கு இரண்டு மூன்று பெண்ணாவது வேண்டும். ஆக, கடையில் சொல்லும் அந்த 'இரண்டு' அநேகமாக எந்த மீனுக்கும் சரியான எண் இல்லை. ஒற்றையாகவோ ஏழாகவோ கேளுங்கள். வியாபாரம்தானே, பெரும்பாலும் கொடுத்துவிடுவார்கள்.

ஃபைட்டர் மற்ற மீன்களை அடித்துவிடும் என்று ஒரு தவறான பயம் உண்டு. சயாமில் சண்டைக்கென்றே வளர்த்த மீன் என்பது உண்மை, தாய்லாந்து 2019-இல் அதைத் தன் தேசிய நீர்வாழ் உயிரினமாகவும் அறிவித்தது. ஆனால் கலப்புத் தொட்டியில் நான் பார்க்கும் ஃபைட்டர்கள் அடிப்பதைவிட அடி வாங்குவதே அதிகம். அந்த வாலை வைத்துக்கொண்டு டெட்ராவிடமிருந்து எங்கே ஓடுவது?

நத்தை தின்னும் என்று வாங்கப்படும் குட்டிப் பேத்தை மீன் அதற்கு நேர் எதிர். கேரளத்து ஆறுகளில் வாழும் இந்தப் பீ பஃபர் இரண்டரை, மூன்று சென்டிமீட்டர்தான். கண்ணை உருட்டிப் பார்க்கும், குழந்தைகளுக்கு ரொம்பப் பிடிக்கும். நத்தை ஓட்டை உடைக்கும் அலகு போன்ற பல்லால் மற்ற மீன்களின் வாலையும் நறுக்கும். அதற்குத் தனித் தொட்டிதான்.

கடித்த மீன் தெரிந்துவிட்டால் வெளியே எடுக்க வேண்டியது அதைத்தான். அடிபட்டதை எடுத்தால் கடித்தது அடுத்ததைத் தேடிப் போகும். வலைப் பெட்டியிலோ வேறு தொட்டியிலோ ஒரு வாரம் வையுங்கள். ஷார்க் போல இடத்துக்காகச் சண்டை போடும் மீன் என்றால் திரும்ப விடுமுன் கல், கட்டை, செடி எல்லாவற்றையும் இடம் மாற்றி, விளக்கை அணைத்துவிட்டு விடுங்கள். அதன் பழைய எல்லை காணாமல் போயிருக்கும். டைகருக்கு இந்த வித்தை பலிக்காது. அதன் தகராறு இடத்துக்காக இல்லை. வாலிஸ்னேரியா மாதிரி உயரமான செடியைத் திரை போல நட்டால் எல்லா வகைச் சண்டையும் கொஞ்சம் தணியும், துரத்தப்படுவது கண்ணிலிருந்து மறைய முடியும்.

அடிபட்ட மீனுக்கு முதல் மருந்து நல்ல தண்ணீர். ஒரு நாள் விட்டு ஒரு நாள் கால் பங்கு மாற்றுங்கள்; மெட்ரோ தண்ணீராக இருந்தால் குளோரினை நீக்கும் ஆன்டி குளோரின் கலந்த பிறகே ஊற்றுங்கள். லிட்டருக்கு ஒரு கிராம் கல் உப்பு, இரண்டடித் தொட்டிக்கு 45 கிராம், தராசில் நிறுத்து, கரைத்து, மெல்ல மெல்லச் சேர்க்கலாம். தண்ணீர் மாற்றும்போது மாற்றிய அளவுக்கு மட்டும் உப்பு போடுங்கள், உப்பு ஆவியாகிப் போவதில்லை. அடியில் மேயும் சிறு கெளுத்தி வகையான கோரிடோராஸ் இருந்தால் உப்பு வேண்டாம். துடுப்பின் அடிவேர் தப்பியிருந்தால் சில வாரங்களில் மறுபடி வளரும். புதுச் சவ்வு கண்ணாடி போல இருக்கும், அதை நோய் என்று பயப்படாதீர்கள். கடி நின்ற பிறகும் ஓரம் நைந்துகொண்டே போனால் மட்டும் தனித் தொட்டியில் மருந்து.

சித்திரை வெயிலில் இதெல்லாம் இரட்டிப்பாகும். தண்ணீர் 32 டிகிரியைத் தொட்டால் மீனின் ஓட்டம் கூடும், கரைந்திருக்கும் ஆக்சிஜனோ குறையும்: 25 டிகிரியில் லிட்டருக்கு 8.3 மில்லிகிராம் வரை நிற்பது 32-இல் 7.3 தான். காயத்தில் பாக்டீரியாவும் வேகமாகப் பரவும். ஏர் பம்பை இரவில் நிறுத்தாதீர்கள். தொட்டி மூடியைச் சற்றுத் திறந்து வலை போட்டு, மேலே மின்விசிறிக் காற்று படவிடுங்கள்.

கடிக்கிற மீன் வேண்டவே வேண்டாம் என்றால் கடையில் கொடுங்கள், பணம் வராவிட்டாலும் பலர் வாங்கிக்கொள்வார்கள். ஏரியிலோ கோயில் குளத்திலோ விடாதீர்கள். தொட்டியில் வளர்ந்த சக்கர் மீன் இப்படித்தான் தமிழ்நாட்டு நீர்நிலைகளில் பரவி, இன்று மீனவர் வலையைக் கிழித்துக்கொண்டிருக்கிறது.