சிம்னி: புகைபோக்கியா, புகைக்கூண்டா?

கிருஷ்ணகிரிப் பக்கம் மாங்கூழ் ஆலைக்கு வழி கேட்டால், ‘அதோ சிம்னி தெரியுதே, அதுதான்’ என்று கையைக் காட்டினால் போதும். கரண்ட் போன ராத்திரியில் பாட்டி தடவித் தேடியதும் சிம்னிதான். அது மண்ணெண்ணெய் விளக்கு. சுடரைச் சுற்றி நிற்கும் கண்ணாடிக்கு உரிய பெயர் விளக்குக்கே ஆகிவந்துவிட்டது. கண்ணாடியே இல்லாத தகர விளக்கும் நமக்குச் சிம்னி விளக்குதான். இப்போது சமையலறையில் அடுப்புக்கு மேலே மாட்டுகிற மின்கருவியும் சிம்னி.

சொல் கிளம்பிய இடம் கிரேக்கம். அங்கே ‘காமினோஸ்’ என்றால் உலை. லத்தீனில் ‘காமினுஸ்’ ஆகி, கணப்பு உள்ள அறை ‘காமினாட்டா’ ஆயிற்று. பிரெஞ்சில் ‘ஷெமினே’, ஆங்கிலத்தில் ‘சிம்னி’. ஆக, நெருப்பு எரியும் இடத்தின் பெயர் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறி, புகை வெளியேறும் இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

உலை நமக்குப் புதிதா என்ன? கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022-இல் அறிவித்தார்கள். ஆனால் பழைய உலைக்குக் காற்றைக் கொடுத்தது துருத்தி. ஏழூருக்குப் பொதுவான ஒரு கொல்லன் உலையைப் பற்றிச் சொல்லும்போது குறுந்தொகை அந்தத் துருத்தியை ‘மிதிதோல்’ என்கிறது. காலால் மிதித்துக் காற்றை ஊதும் தோல். சிம்னி செய்வது நேர் எதிர் வேலை. உள்ளே சூடான காற்று லேசாகி மேலே போகிறது, அந்த இடத்துக்குக் கீழிருந்து புதுக்காற்று தீ வழியாக இழுபடுகிறது. உயரம் கூடக்கூட இழுப்பும் கூடும். துருத்தி ஊதுகிறது, சிம்னி உறிஞ்சுகிறது. காலால் மிதித்தே காற்றைக் கொடுத்தவர்களுக்கு அவ்வளவு உயரத்தில் ஒன்றைக் கட்டவும் வேண்டியிருக்கவில்லை, அதற்குப் பெயர் வைக்கவும் வேண்டியிருக்கவில்லை.

சரி, தமிழில் என்ன சொல்வது? பாடப்புத்தகம் ‘புகைபோக்கி’ என்கிறது. நல்ல சொல்தான். பாலக்கோட்டுப் பக்கம் வெல்லம் காய்ச்சுகிற கொட்டகையில், கரும்புச் சக்கையை ஒரு முனையில் தள்ள, கொப்பரைக்கு அடியில் ஓடிய தீயின் புகை மறுமுனையில் வெளியே போகிறதே, அதற்கு இது கச்சிதம். சமையலறைக் கருவிக்கும் பொருந்தும்.

இடறுவது ஆலையை மூடிய பிறகு. இயந்திரங்கள் பழைய இரும்பு விலைக்குப் போகும், கூரை போகும், சுவரும் போகும். கடைசியில் செங்கல் கம்பம் மட்டும் நிற்கும். இடிப்பது செலவு, ஆபத்தும்கூட. புகையே போகாத ஒன்றை ‘புகைபோக்கி’ என்றால் காதில் ஒட்டவில்லை.

அகராதியில் இன்னொரு சொல் உண்டு: புகைக்கூண்டு. கப்பலுக்கும் ரயில் எஞ்சினுக்கும் ஒரு காலத்தில் தாராளமாகப் புழங்கிய சொல். ‘போக்கி’ வேலையைச் சொல்கிறது, ‘கூண்டு’ கட்டடத்தைச் சொல்கிறது. மணிக்கூண்டில் கடிகாரம் நின்றுபோனாலும் அது மணிக்கூண்டுதானே? அப்படித்தான் இதுவும்.

ஸ்பெயினின் பார்சிலோனா நகரில் பழைய மின்நிலையம் ஒன்றின் மூன்று சிம்னிகளை இடிக்காமல் வைத்திருக்கிறார்கள். 1919-இல் அந்த மின் நிறுவனத்தின் தொழிலாளர்கள் தொடங்கிய வேலைநிறுத்தத்துக்குப் பிறகுதான் அந்த நாட்டில் எட்டு மணி நேர வேலை சட்டமாயிற்று. இடத்தின் பெயரே கத்தலான் மொழியில் ‘மூன்று சிம்னிகள்’. அவர்களுடைய சொல்லும் அதே ‘காமினாட்டா’ வழி வந்ததுதான். தமிழில் எழுத நேர்ந்தால் நான் ‘மூன்று புகைக்கூண்டுகள்’ என்றே எழுதுவேன். பாட்டியின் விளக்கை மட்டும் விட்டுவிடலாம். அது சிம்னியாகவே இருக்கட்டும்.