மூலையில் காணாமல் போன 40 ரூபாய்

காவேரிப்பட்டினத்தில் பிளஸ் ஒன் படிக்கும் மாணவி ஒருவர் கேட்கிறார்: “இரண்டு சார்புகளைக் கூட்டினால், தனித்தனியாக வகையிட்டுக் கூட்டிவிடுகிறோம். பெருக்கினால் மட்டும் ஏன் தனித்தனியாக வகையிட்டுப் பெருக்கக் கூடாது?”

நியாயமான சந்தேகம். (சார்பு என்றால் ஒன்றைப் பொறுத்து மாறும் அளவு; வகையிடுவது என்றால் அது எவ்வளவு வேகமாக மாறுகிறது என்று காண்பது.) 1675 நவம்பரில், நுண்கணிதத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான லைப்னிட்ஸுக்கே இந்தச் சந்தேகம் வந்தது. குறிப்பேட்டில் போட்டுப் பார்த்து, சரிவராது என்று கண்டுகொண்டார். சரியான விதி அச்சில் வந்தது 1684-இல். எக்ஸை எக்ஸால் பெருக்கிப் பார்த்தாலே தெரிந்துவிடும்: தனித்தனியாக வகையிட்டுப் பெருக்கினால் 1 × 1 = 1; உண்மையான விடை எக்ஸின் இருமடங்கு.

சரி, ஏன்? உங்கள் ஊர் மாங்காய் மண்டிக்கே போவோம். பெங்களூரா ரக மாங்காய் வரத்து ஏற ஏற விலை இறங்கும் அல்லவா? ஒரு தோட்டத்தில் இன்று 500 கிலோ பறிக்கிறார்கள், கிலோ 20 ரூபாய். பறிப்பு நாளுக்கு 40 கிலோ கூடுகிறது, விலை நாளுக்கு 1 ரூபாய் குறைகிறது. (எண்கள் என் கைச்சரக்கு.)

நோட்டில் ஒரு செவ்வகம் போடுங்கள். அகலம் 500, உயரம் 20. பரப்பு 10,000, அதுதான் இன்றைய வரவு. பறிப்பு கூடுவதால் வலப்பக்கம் ஒரு பட்டை ஒட்டிக்கொள்கிறது: 40 × 20 = 800. விலை குறைவதால் மேலே ஒரு பட்டை போகிறது: 500 × 1 = 500. மிச்சம் 300. பெருக்கல் விதி சொல்வது இவ்வளவுதான்: ஒன்று மாற மற்றது அப்படியே நிற்கட்டும், பிறகு மற்றது மாறட்டும், இரண்டையும் கூட்டு.

ஆனால் நாளைய வரவு 540 × 19 = 10,260. கூடியது 260தானே, 40 ரூபாய் எங்கே?

மூலையில். புதிதாக ஒட்டிய பட்டைக்கும் தலையில் ஒரு ரூபாய் உயரம் போய்விட்டது: 40 × 1. இந்தத் துண்டுதான் எனக்குப் பிடித்த இடம். ஒரு நாளுக்குப் பதில் நாளில் பத்தில் ஒரு பங்கை எடுங்கள். பட்டைகள் பத்தில் ஒன்றாகச் சுருங்கும். மூலையோ இரு பக்கமும் சுருங்கி நூறில் ஒன்றாகிவிடும், வெறும் 40 காசு. அப்போது நாள் வீதம் 296. இன்னும் குறைக்கக் குறைக்க 300-ஐ நெருங்கும்.

இப்போது உங்கள் விதியைப் போடுங்கள்: 40 × (−1). அதே மூலை! தேய்ந்து மறையும் துண்டை வைத்துக்கொண்டு, நிற்கும் இரண்டு பட்டைகளையும் அது தூக்கி எறிந்துவிடுகிறது.

நான் படித்த டியூஷனில் இந்த விதியைப் பாட்டாகவே ஒப்பிக்க வைத்தார்கள். ஒரு செவ்வகம் போட ஒரு நிமிடம் ஆகுமா? அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.

அப்புறம் ஒன்று. 300-ஐ 10,000-ஆல் வகுத்தால் 3 சதவீதம். பறிப்பு 8 சதவீதம் ஏற்றம், விலை 5 சதவீதம் இறக்கம், வித்தியாசம் அதேதான். ஆக விலை நாளுக்கு 1 ரூபாய் 60 காசு வீதம் இறங்கினால் அதுவும் 8 சதவீதம். மரத்தில் காய் கூடிக்கொண்டே இருக்கும், அந்தக் கணத்தில் வரவு மட்டும் ஏறாது.