மெடிக்கலில் சொன்னார்கள் என்று மாத்திரையை நிறுத்தாதீர்கள்

இந்த மாதமும் ஒருவர் வந்தார். எட்டு மாதக் கர்ப்பிணி, ரத்தத்தில் கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி வைரஸ் கோடிக்கணக்கில். எழுதிக் கொடுத்த மாத்திரையை சில நாள் சாப்பிட்டுவிட்டு நிறுத்தியிருக்கிறார். ஏன் என்று கேட்டால், கூட வந்த மாமியார் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொல்கிறார்: "அது எய்ட்ஸ் மாத்திரையாமே டாக்டர்? மெடிக்கல்ல சொன்னாங்க."

கல்லீரல் மருத்துவனாக இதைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. இன்று கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன்.

மாத்திரையின் பெயர் டெனோபோவிர், 300 மில்லிகிராம். ஆமாம், எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கும் இதைத் தருகிறோம். 2001இல் அமெரிக்காவில் முதலில் அனுமதி கிடைத்ததே அதற்குத்தான். 2008இல் ஹெபடைட்டிஸ் பி-க்கும் கிடைத்தது. இரண்டும் வேறு வேறு வைரஸ். ஆனால் பெருகுவதற்கு ஒரே வகை நொதியை நம்பியிருக்கின்றன, அதை இந்த மருந்து முடக்கிவிடுகிறது. தலைவலிக்குப் போடும் ஆஸ்பிரினைத்தான் மாரடைப்புக்கும் தருகிறோம். அதற்காக ஆஸ்பிரின் வாங்குபவரை எல்லாம் இதய நோயாளி என்று யாரும் முணுமுணுப்பதில்லையே? எச்.ஐ.வி. சிகிச்சையில் டெனோபோவிரோடு வேறு மருந்துகளும் சேர்ந்தே வரும். தவிர, கர்ப்பிணிகளுக்கு எச்.ஐ.வி. பரிசோதனை ஆரம்பத்திலேயே எடுத்துவிடுகிறோம். 'நெகட்டிவ்' என்று அதே ஃபைலில்தான் இருக்கிறது. யாரும் புரட்டிப் பார்ப்பதில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எச்.ஐ.வி. உள்ள கர்ப்பிணிகள் பல ஆண்டுகளாக இதைச் சாப்பிட்டு வந்திருப்பதால்தான், வயிற்றிலிருக்கும் குழந்தைக்கு இது பாதுகாப்பானது என்று எங்களால் தைரியமாகச் சொல்ல முடிகிறது. நீங்கள் எதைப் பார்த்துப் பயப்படுகிறீர்களோ, எங்கள் நம்பிக்கைக்கு அதுதான் காரணம்.

"கல்லீரல் டெஸ்ட் (எல்.எஃப்.டி.) நார்மல், மஞ்சள் காமாலையும் இல்லை, அப்புறம் எதுக்கு மாத்திரை?" என்பது அடுத்த கேள்வி. இந்த மாத்திரை முக்கியமாகக் குழந்தைக்காக. வளர்ந்த ஒருவருக்கு இந்தத் தொற்று வந்தால் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் தானாகவே சரியாகிவிடும். பிறக்கும்போது தொற்றினால் கதை தலைகீழ்: சுமார் 90 சதவீதக் குழந்தைகளுக்கு அது நிரந்தரமாகத் தங்கிவிடும். பிற்காலத்தில் கல்லீரல் சுருக்கமும் புற்றுநோயும் வரும் ஆபத்து அவர்களுக்குத்தான்.

தடுப்பூசி இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, பெரும்பாலான குழந்தைகளைக் காப்பாற்றுவதும் அதுதான். ஆனால் தாயின் வைரஸ் அளவு மிக அதிகமாக இருந்தால் ஊசியை மீறியும் சில குழந்தைகளுக்குத் தொற்றிவிடுகிறது. சீனாவில் 200 தாய்மார்களிடம் நடந்து 2016இல் வெளியான ஆய்வில் எல்லாக் குழந்தைகளுக்கும் ஊசிகள் போட்டார்கள். ஆய்வை முழுமையாக முடித்தவர்களில், மாத்திரை சாப்பிடாத தாய்மாரின் குழந்தைகளில் 7 சதவீதத்துக்குத் தொற்று. சாப்பிட்டவர்களின் குழந்தைகளில் ஒன்றுக்குக்கூட இல்லை.

கீழாநெல்லி? 1988இல் சென்னையில் செய்த ஆய்வு ஒன்று லான்செட் மருத்துவ இதழில் வெளியாகி பெரிய நம்பிக்கை தந்தது உண்மை. பிறகு மற்ற இடங்களில் செய்து பார்த்தபோது அந்தப் பலன் வரவில்லை. தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

வைரல் லோடு, அதாவது வைரஸ் அளவு, ஒரு மில்லி ரத்தத்தில் 2,00,000 யூனிட்டோ அதற்கு மேலோ இருந்தால் வழக்கமாக 28ஆவது வாரத்தில் மாத்திரையைத் தொடங்குவோம். சரியாக நம் ஊரில் வளைகாப்பு முடிந்து பெண் தாய்வீட்டுக்குக் கிளம்பும் சமயம்! வளையலும் பலகாரமும் கூடப் போகும், ஃபைல் மட்டும் புகுந்த வீட்டு பீரோவில் இருக்கும். அங்கே வேறு ஆஸ்பத்திரி, வேறு டாக்டர். சொந்தக்காரர்கள் பார்த்துவிடுவார்கள் என்று மாத்திரையை ஒளித்துவைத்து, பாதி நாள் மறந்தும் போவார்கள். ஃபைலைக் கையோடு கொண்டுபோங்கள். பிரசவம் பார்க்கப்போகும் மருத்துவரிடம் முதல் நாளே சொல்லுங்கள்.

பிறந்த குழந்தைக்கு இரண்டு ஊசி, இரண்டு தொடையிலும். தடுப்பூசியை முடிந்தவரை சீக்கிரம், 24 மணி நேரம் தாண்டாமல் போட வேண்டும். இம்யூனோகுளோபுலின் என்ற தயார்நிலை எதிர்ப்புப் புரத ஊசியை 12 மணி நேரத்துக்குள். இந்த இரண்டாவது ஊசி சின்ன ஆஸ்பத்திரிகளில் இருப்பு இருக்காது. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி குழந்தை பிறந்தபின் ஊரெல்லாம் தேடாதீர்கள், ஒன்பதாம் மாதமே கேட்டு வையுங்கள். தேசிய வைரல் ஹெபடைட்டிஸ் கட்டுப்பாட்டுத் திட்டம் 2018 முதல் நடக்கிறது. அரசு மருத்துவமனையில் விசாரியுங்கள். 6, 10, 14ஆவது வாரங்களில் போடும் பென்டாவலன்ட் ஊசியைத் தவறவிடக் கூடாது, ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசியும் அதற்குள்தான் இருக்கிறது. தாய்ப்பால் தாராளமாகக் கொடுக்கலாம். இதற்காக மட்டும் சிசேரியன் கேட்காதீர்கள். பிரசவம் ஆனதும் மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் கூடாது. நிறுத்தியபின் சிலருக்குக் கல்லீரல் அழற்சி திடீரென்று ஏறும், அதனால் எப்போது நிறுத்துவது என்பதை நாங்கள் பார்த்துச் சொல்வோம். குழந்தைக்கு 9 முதல் 12 மாதத்துக்குள் ஒரு ரத்தப் பரிசோதனை உண்டு. பலரும் வராமல் விட்டுவிடுவது இதற்குத்தான்.

கடைசியாகக் கணவர்மார்களுக்கு. "இவளுக்கு எப்படி வந்தது?" என்று வெளியே நின்று விசாரணை நடத்தாதீர்கள். பலருக்கு இது பிறக்கும்போது அம்மாவிடமிருந்தோ, விவரம் தெரியாத வயதிலோ வந்தது. அவருடைய அம்மாவையும் கூடப் பிறந்தவர்களையும் பரிசோதனைக்கு அழைத்து வாருங்கள். நீங்களும் ரத்தம் கொடுங்கள். தொற்றும் இல்லை, எதிர்ப்பு சக்தியும் இல்லை என்றால் உங்களுக்கு மூன்று ஊசி: இன்று ஒன்று, ஒரு மாதம் கழித்து ஒன்று, ஆறாவது மாதம் ஒன்று.