கல்லென்று எடுத்த செடி

1811இல் தென்னாப்பிரிக்காவின் பிரீஸ்கா அருகே, வில்லியம் பர்ச்செல் என்ற ஆங்கிலேயத் தாவர ஆய்வாளர் விசித்திரமான ஒரு கூழாங்கல்லைக் குனிந்து எடுத்தார். கையில் எடுத்த பிறகுதான் தெரிந்தது, அது செடி. இன்று அந்தப் பேரினத்துக்கு லித்தாப்ஸ் என்று பெயர். தென்னாப்பிரிக்கா, நமீபியாவின் வறண்ட கற்பரப்புகள்தான் அதன் சொந்த ஊர்.

வெளியே தெரிவது இரண்டு தடித்த இலைகளின் மேற்பரப்பும் நடுவில் ஒரு பிளவும் மட்டுமே. மீதி உடம்பு மண்ணுக்குள். அங்கே வெளிச்சம் எப்படிப் போகும்? ஓட்டு வீட்டில் நடுநடுவே கண்ணாடி ஓடு பதிப்பார்களே, அதே ஏற்பாடு. இலையின் மேல்புறத்தில் ஒளி ஊடுருவும் திட்டுகள் இருக்கின்றன. அவற்றின் வழியே நுழையும் வெயில், நீர் நிறைந்த திசுவில் சிதறித் தணிந்து, உட்சுவர்களை ஒட்டியிருக்கும் பச்சையத்தைச் சேர்கிறது. இலைத்துளைகள் இரவில்தான் திறக்கும். அப்போது வாங்கிய கார்பன் டை ஆக்சைடை அமிலமாகச் சேமித்து வைத்து, பகலில் துளைகளை மூடிக்கொண்டு உணவு தயாரிக்கிறது.

வீட்டில் வளர்ப்பவர்கள் அதிகம் தவறுவது தண்ணீர் விஷயத்தில்தான். பூத்து முடிந்த பிறகு பிளவுக்குள்ளிருந்து புது இலை ஜோடி ஒன்று கிளம்பும். அதற்கு வேண்டிய தண்ணீரையும் சத்தையும் பழைய ஜோடியே கொடுக்கிறது; கொடுத்துக் கொடுத்துச் சுருங்கி, கடைசியில் காகிதச் சருகாகிவிடும். செடி வாடுகிறதே என்று மனம் இளகி அப்போது தண்ணீர் விட்டால், பழைய இலை வற்றாது. புது இலையை நெருக்கும், அழுகலும் வரலாம். சருகாகும்வரை ஒரு சொட்டுகூட வேண்டாம். அந்தப் பொறுமைதான் இந்தச் செடிக்கு நாம் தரும் பெரிய பராமரிப்பு. மற்ற மாதங்களில் இலையின் பக்கங்கள் லேசாகச் சுருக்கம் காட்டினால் நன்றாக நனைத்து, முழுக்கக் காயவிடுங்கள். கடும் வெப்பத்தில் செடி ஓய்வெடுக்கும். அப்போது காற்றோட்டமும் மிதமான நிழலும் போதும். ஆணிவேர் இறங்க ஆழமான தொட்டி வேண்டும். கலவையில் பெரும்பங்கு பருமணலும் பொடிக்கல்லுமாக இருக்கட்டும்.

சரி, பெருக்குவது எப்படி? இலையைக் கிள்ளி நட்டால் வேர் பிடிக்காது. சில ஆண்டுகளில் ஒரு ஜோடிக்குப் பதிலாக இரண்டு ஜோடி வரும். அப்படிக் கொத்தான செடியை வேரோடு பிரிக்கலாம். மற்றபடி விதைதான் வழி. தன் மகரந்தத்தால் இது பொதுவாகக் காய்க்காது. வெவ்வேறு விதையில் முளைத்த, ஒரே இனத்தைச் சேர்ந்த இரண்டு செடிகள் ஒன்றாகப் பூக்க வேண்டும். பூ பிற்பகலில் விரியும். அப்போது மெல்லிய தூரிகையால் மகரந்தத்தை மாற்றித் தடவுங்கள். விதை தூசி போல இருக்கும். ஈர மணல்மேல் தூவினால் போதும், மூடக் கூடாது. ஓரிரு வாரத்தில் முளைக்கும். முதல் சில மாதங்கள் மட்டும் ஈரம் குறையாமல் பாருங்கள். பூக்க மூன்று வருடமாவது ஆகும்.

முற்றிக் காய்ந்த காய் கிடைத்தால் உடைக்காதீர்கள். ஒரு தட்டில் வைத்து மேலே தண்ணீர் சொட்டுங்கள். சில நிமிடங்களில் அதன் மூடிகள் நட்சத்திரம் போல விரியும். பாலைநிலத்தில் மழைத்துளி விழும்போது திறந்து, அந்தத் துளியின் வேகத்திலேயே விதைகளைத் தெறிக்கவிடும் அமைப்பு அது. காயவிட்டால் மறுபடி மூடிக்கொள்ளும், மிச்சமிருக்கும் விதைகளை அடுத்த மழைக்கு வைத்துக்கொண்டு.