அக்கி வலிக்கு எதற்கு வலிப்பு மாத்திரை?

"டேய், அம்மாவுக்கு வலிப்பே கிடையாது. எதுக்குடா வலிப்பு மாத்திரை எழுதியிருக்காங்க?"

பெங்களூர் அல்சூரிலிருந்து பெரியம்மா மகன் போனில் கேட்டார். மாத்திரைப் பெயரை இணையத்தில் தேடிவிட்டு, பயந்துபோய்ப் பேசுகிறார். ப்ரீகாபலின், 75 மி.கி., காலை ஒன்று இரவு ஒன்று.

நான்கு மாதம் முன்பு பெரியம்மாவுக்கு வலது விலாவில் அக்கி வந்தது. கீழ்வீட்டுக் கன்னடக்கார அம்மா "இது சர்ப்ப சுத்து, தலையும் வாலும் சேர்ந்துட்டா உயிருக்கே ஆபத்து" என்று சொல்லிவிட, அண்ணன் அலறியடித்துக்கொண்டு ஆட்டோ பிடித்துக் குயவர்கள் இருக்கும் பாட்டரி டவுனுக்கு அழைத்துப்போய் அக்கி எழுதிக்கொண்டு வந்தார். காவியைக் குழைத்து, கொப்புளங்களின் மேல் முதுகிலிருந்து விலா வரைக்கும் ஒரு சிங்கம். அழகாகத்தான் இருந்தது, அதை மறுக்கவில்லை. இரண்டு மூன்று வாரத்தில் கொப்புளங்கள் காய்ந்து உதிர்ந்தன. சிங்கம் இல்லாவிட்டாலும் உதிர்ந்திருக்கும். பெரும்பாலும் அக்கியின் ஆயுள் அவ்வளவுதான். எனக்கு வருத்தம் சிங்கத்தின் மேல் இல்லை, அதற்காகப் போன நாட்களின் மேல். வைரஸ் மருந்தைக் கொப்புளம் கிளம்பிய 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நல்ல பலன். பெரியம்மா டாக்டரிடம் போனது ஆறாம் நாள்.

பாம்பு கதைக்கும் ஒரு வரி. சின்ன வயதில் வந்த சின்னம்மையின் வைரஸ், முதுகெலும்பை ஒட்டியிருக்கும் நரம்பு முடிச்சுகளில் பல்லாண்டு பதுங்கியிருந்து, எதிர்ப்புச் சக்தி தளரும்போது ஒரு நரம்பின் வழியாகத் தோலுக்கு வருவதுதான் அக்கி. ஒரு முடிச்சின் நரம்பு உடம்பின் ஒரு பக்கப் பட்டையை மட்டும் பார்த்துக்கொள்கிறது. அதனால்தான் அக்கி பொதுவாக நடுக்கோட்டைத் தாண்டுவதில்லை. தலையும் வாலும் சந்திக்க அங்கே வழியே இல்லை.

சரி, கொப்புளம் போயிற்று. வலி போகவில்லை. ஒரு ஞாயிறு பார்க்கப் போனபோது பெரியம்மா புடவைத் தலைப்பை விலாவில் படாமல் இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். மின்விசிறியை அணைத்து வைத்திருந்தார்கள். காற்று பட்டாலே எரிகிறதாம். நடுநடுவே, எதுவும் படாமலே, கரண்ட் அடித்த மாதிரி ஒரு வெட்டு. தோல் ஆறிவிட்டது, கெட்டுப்போயிருப்பது சேதி கொண்டுபோகும் நரம்பு. பாராசிட்டமாலும் மற்ற வலி மாத்திரைகளும் இங்கே பெரிதாக உதவாததற்குக் காரணமும் அதுதான். அடிபட்ட இடத்து வலியை அடக்கும் மருந்துக்கு, தோல் ஆறிவிட்ட இடத்தில் என்ன வேலை?

இப்போது மாத்திரைக்கு வருவோம். இந்தக் கதையை எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுக்காது.

காபா என்பது மூளையில் 'அடங்கு' என்று சொல்லும் வேதிப்பொருள். அதை மாத்திரையாகக் கொடுத்தால் இரத்தத்திலிருந்து மூளைக்குள் நுழையாது. 1970களில் ஜெர்மனியில் வேதியியலாளர்கள் காபாவின் மேல் ஒரு வளையத்தை ஒட்டவைத்து, உள்ளே நுழையும் போலி காபா ஒன்றைச் செய்தார்கள். அதுதான் காபாபென்டின். வலிப்பைக் குறைத்தது, 1993இல் அமெரிக்காவில் அனுமதியும் கிடைத்தது. ஒரே ஒரு சிக்கல். காபா உட்காரும் இடத்தில் இது உட்காரவே இல்லை! பிறகு எங்கேதான் உட்காருகிறது? பன்றி மூளையை அரைத்துப் பிரித்துத் தேடியவர்களுக்கு 1996இல் விடை கிடைத்தது. ஆல்ஃபா-2-டெல்டா என்ற புரதம். காபாவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அமெரிக்காவில் ரிச்சர்ட் சில்வர்மன் ஆய்வகத்தில் பிறந்த ப்ரீகாபலினும் இப்படித்தான்; மூளையில் காபாவைக் கூட்டும் என்று நினைத்துச் செய்தார்கள், அதுவும் போய் ஒட்டிக்கொண்டது இதே புரதத்தில்.

இந்தப் புரதம் செய்கிற வேலைதான் ருசியான பகுதி. நரம்பின் நுனியில் கால்சியத்துக்கென்று கதவுகள் உண்டு. சேதி வந்ததும் கதவு திறக்கும், கால்சியம் உள்ளே பாயும், உடனே நுனி தன் இரசாயனத்தை அடுத்த நரம்பின் மேல் கொட்டும். அடுத்த நரம்புக்கு அது 'வலிக்கிறது' என்ற சேதி. கதவு கூடினால் கொட்டுவதும் கூடும். ஆனால் கதவுகள் தயாராவது நுனியில் இல்லை, நரம்பு முடிச்சில். அங்கிருந்து தண்டுவடத்து நுனி வரை கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். கே.ஆர். மார்க்கெட்டில் விடியற்காலை லாரியிலிருந்து கடைக்கு மூட்டை தூக்குகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். நரம்புக்குள் அந்த ஆள்தான் ஆல்ஃபா-2-டெல்டா. அவர் கை கொடுத்தால்தான் கதவு நுனிக்குப் போய்ச் சேரும்.

காயம்பட்ட நரம்பு செய்கிற கிறுக்குத்தனம் என்னவென்றால், இந்தச் சுமைதூக்கிகளை ஏராளமாக வேலைக்குச் சேர்த்துவிடுகிறது. மூட்டை மூட்டையாகக் கதவு வந்து இறங்குகிறது. நுனி முழுக்கக் கதவு. மின்விசிறிக் காற்றுக்கே வெள்ளமாகக் கொட்டுகிறது.

ப்ரீகாபலின் கதவை அடைப்பதில்லை. சுமைதூக்கியின் கையைப் பிடித்துக்கொள்கிறது. புதுச் சரக்கு வருவது குறைகிறது. ஏற்கெனவே நுனியில் இருக்கும் கதவுகள் பழசாகிக் கழிகின்றன. லண்டனில் ஆனெட் டால்ஃபின் குழுவினர் நரம்புக் காயம்பட்ட எலிகளுக்கு இந்த மருந்தைத் தொடர்ந்து கொடுத்து, தண்டுவடத்து நுனிகளில் இந்தப் புரதம் சேர்வது குறைவதை 2009இல் காட்டினார்கள். முதல் நாள் போட்டதும் கேட்காமல், நாள் போகப்போக மருந்து கேட்பதற்கு இது ஒரு நல்ல விளக்கம். அம்மிக்கல்லில் கால் இடித்துக்கொண்ட வலியை இது அவ்வளவாகத் தொடாததும் இதனால்தான். நல்ல நரம்பில் கூட்டம் சேரவே இல்லையே.

இந்தப் புரதம்தான் காரணம் என்று எப்படி உறுதியாகச் சொல்வது? ஆயிரத்துக்கும் மேற்பட்ட அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி அது. அதில் 217ஆம் இடத்தில் இருந்த ஒன்றே ஒன்றை மட்டும் மாற்றிய சுண்டெலிகளை வளர்த்தார்கள். மற்றபடி எல்லாம் அப்படியே. அந்த எலிகளிடம் ப்ரீகாபலின் வலியைக் குறைக்கவே இல்லை. 2006இல் வந்த இந்த முடிவைப் படித்த அன்று எனக்குக் கை தட்டத் தோன்றியது.

தப்பான யோசனையில் தொடங்கி, 'அப்புறம் இது எங்கேதான் ஒட்டுது?' என்ற வெறும் ஆர்வத்தில் வளர்ந்த வேலை இது. இந்த ஊரில் ஆய்வு நிதிக்கு விண்ணப்பம் எழுதும் நண்பர்கள், மூன்று வருடத்தில் என்ன பயன் கிடைக்கும் என்ற கட்டத்தை நிரப்பத்தான் பாதி நாள் போகிறது என்கிறார்கள். பன்றி மூளையை அரைத்தவர் அந்தக் கட்டத்தில் அல்சூர் பெரியம்மா என்று எழுதியிருக்க முடியுமா?

பக்க விளைவும் இதே கதையின் மிச்சம்தான். சுமைதூக்கி விலா நரம்பில் மட்டும் இல்லை, மூளை நெடுகவும் இருக்கிறார். மாத்திரைக்கு எந்தக் கையைப் பிடிக்க வேண்டும் என்று தெரியாது. ஆகவே தூக்கம், தலைசுற்றல், நடையில் தள்ளாட்டம். பெரியம்மா காலை மாத்திரையைக் காபியோடு போட்டுவிட்டு மாடிப்படியில் சுவரைப் பிடித்து நின்றது இப்படித்தான். எடையும் கூடும். கால் வீங்கும், அவருடைய பாதத்தில் செருப்பு வார் பள்ளமாகப் பதிந்திருந்ததை நானே பார்த்தேன். அவர் இரத்த அழுத்தத்துக்கு ஆம்லோடிபின் போடுகிறவர். அதுவும் காலை வீங்கவைக்கும் மருந்து, இரண்டும் கூட்டுச் சேர்ந்துகொண்டன. சர்க்கரைக்குப் பையோகிளிட்டசோன் எடுப்பவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். இன்னொன்று, இந்த மருந்து உடம்பில் உருமாறாமல் ஏறக்குறைய அப்படியே சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறும். சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கு அளவைக் குறைக்காவிட்டால் தேங்கிவிடும். தூக்க மாத்திரை, மார்ஃபின் வகை மருந்து, மது, இவற்றோடு சேர்ந்தால் மூச்சே மந்தப்படலாம். 2019இல் அமெரிக்க மருந்துத் துறை இதை எச்சரித்தது. அதே வருடம் பிரிட்டன் இதைக் கட்டுப்படுத்தப்பட்ட மருந்தாக்கியது, பழக்கமாகிவிடுகிறது என்பதால்.

மாற்று உண்டா? பழைய அமிட்ரிப்டிலின் உண்டு. மனச்சோர்வுக்கு வந்த மருந்து, இரவில் 10 மி.கி.யில் தொடங்குவார்கள். மூளையிலிருந்து தண்டுவடத்துக்கு இறங்கி வலியை அமுக்கும் பாதைக்கு அது தெம்பு தருகிறது. வாய் வறளும், மலச்சிக்கல், வயதானவர்களுக்குச் சிறுநீர் அடைப்பு. டுலாக்செட்டினும் அதே பாதைதான், ஆரம்பத்தில் குமட்டும். எதுவும் மந்திரம் இல்லை. 2015இல் வந்த பெரிய தொகுப்பாய்வின்படி, ப்ரீகாபலினை ஏறக்குறைய எட்டுப் பேருக்குக் கொடுத்தால், வெற்று மாத்திரையைவிடக் கூடுதலாக ஒருவருக்குத்தான் வலி பாதியாகிறது. அமிட்ரிப்டிலின் வகைக்கு நான்கு பேருக்கு ஒருவர்.

அண்ணன் பயத்தில் அன்றே மாத்திரையை நிறுத்தப் பார்த்தார். கூடாது என்றேன். சட்டென்று நிறுத்தினால் தூக்கம் கெடும், வியர்க்கும், பதற்றம் வரும். ஒரு வாரத்துக்குக் குறையாமல் படிப்படியாகத்தான் இறக்க வேண்டும். டாக்டரிடம் திரும்பப் போனார்கள். அவர் காலை மாத்திரையைப் படிப்படியாக எடுத்துவிட்டு இரவு மாத்திரையை மட்டும் வைத்தார், இரத்த அழுத்த மருந்தையும் மாற்றினார்.

நேற்று போனபோது மின்விசிறி ஒன்றாம் நம்பரில் ஓடிக்கொண்டிருந்தது. வலி பாதிக்குப் பாதி என்றார் பெரியம்மா. நான் கதவு, சுமைதூக்கி எல்லாம் சொல்லி முடிக்கும் வரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்போ அந்தக் குயவர் கூலியாட்களைப் பாக்கல, அவ்ளோதானே?" என்றார்.