‘ராக்’ என்னும் பாகுத்தண்டு

பிளாக்பூல், பிரைட்டன் போன்ற இங்கிலாந்துக் கடற்கரை ஊர்களில் ‘ராக்’ என்ற பெயரில் விற்கப்படுவது, ஒரு சாண் நீளமுள்ள கெட்டியான சர்க்கரைத் தண்டு. மேலே இளஞ்சிவப்புப் பூச்சும் உள்ளே வெண்மையும் பெப்பர்மின்ட் மணமும் கொண்டது. எந்த இடத்தில் கடித்தாலும் முறிந்த முகத்தில் ஊரின் பெயர் தெரியும். பாறை என்பதே இச்சொல்லின் நேர்ப்பொருள். மிட்டாய்க்கு அது வந்தது அதன் கடினத்தால்.

இதைத் தமிழில் ‘கற்கண்டு’ என்று எழுதிவிடுவது பொருந்தாது. கல், கண்டு என்னும் இரண்டும் ‘ராக்’, ‘கேண்டி’ (மிட்டாய்) என்னும் ஆங்கிலச் சொற்களுக்கு ஒத்துவருவது உண்மையே. ‘கேண்டி’ என்ற சொல்லே பிரெஞ்சு, அரபு, பாரசீகம் வழியாக, துண்டு என்று பொருள்படும் வடமொழிக் ‘கண்ட’த்திலிருந்து சென்றது, அதற்கும் மூலம் ‘கட்டி’ போன்ற திராவிடச் சொல்லாகலாம் என்பாரும் உண்டு. ஆனால் பண்டம் வேறு. கற்கண்டு, பாகை மெல்ல ஆறவிட்டு நூலில் படிகமாக வளர்த்தெடுப்பது. ராக்கிலோ படிகம் விழுந்தால் சரக்கே கெட்டுவிடும். அதைத் தடுக்கத்தான் சர்க்கரையோடு குளுக்கோஸ் பாகையும் சேர்த்து, சுமார் 150 டிகிரி செல்சியஸ் வரை காய்ச்சுகிறார்கள்.

காய்ச்சிய பாகைக் குளிர்ந்த இரும்பு மேசையில் ஊற்றி, ஒரு பகுதியை இழுத்து இழுத்து மடிப்பார்கள். உள்ளே காற்று புகப்புக, கண்ணாடிபோல் இருந்தது பால்வெள்ளையாகும். வண்ணமிட்ட பட்டைகளையும் வெள்ளைப் பட்டைகளையும் அடுக்கி ஒவ்வோர் எழுத்தையும் நீண்ட கட்டையாகக் கட்டுவது கைவேலை. இளஞ்சூட்டில் வளைந்த எழுத்துகள் அமுங்கிவிடும் என்பதால் நேர்கோட்டு எழுத்துகளை முதலிலும் வட்டமானவற்றைக் கடைசியிலும் செய்கிறார்கள். ஆகவே பெயரின் எழுத்துவரிசை வேறு, செய்யும் வரிசை வேறு. பிறகு அவற்றை வெள்ளை நடுப்பகுதியைச் சுற்றி முறையாக அடுக்கி, வண்ணத் தோல் போர்த்தி, மரத்தடி போன்ற அந்தப் பெரிய உருளையை உருட்டி நீட்டித் தண்டுகளாக நறுக்குவார்கள். எழுத்துகள் சிறுக்குமே தவிரக் குலைவதில்லை. இதைச் செய்யத் தெரிந்த கைகள் போற்றத்தக்கவை.

பாகை இழுத்துத் தண்டாக்கும் தொழில் வேறு நாடுகளிலும் உண்டு. ஸ்வீடனின் கிரென்னா ஊரில் அமாலியா எரிக்சன் என்ற கைம்பெண் 1859இல் தொடங்கிய சிவப்பு வெள்ளைத் தண்டு மிட்டாய் இன்றும் அவ்வூர்க் கடைகளில் வாடிக்கையாளர் கண்முன்னே கையால் இழுக்கப்படுகிறது. ஜப்பானின் ‘கின்டாரோ’ மிட்டாயில் எழுத்துக்குப் பதில் ஒரு சிறுவனின் முகம் நீளமெங்கும் ஓடுகிறது. தண்டைச் சிறு வில்லைகளாக நறுக்கி விற்பார்கள்.

எனவே இவ்வகைக்குப் ‘பாகுத்தண்டு’ என்பதே தக்க பெயர் எனக் கருதுகிறேன். ‘குச்சிமிட்டாய்’ என்றால் குச்சியில் செருகிய மிட்டாய் என்றே நம்மவர் கொள்வர்; இங்கே மிட்டாயே தண்டாக நிற்கிறது. பெயர் பொறித்ததை ‘எழுத்துப் பாகுத்தண்டு’ எனலாம். நறுக்கியது ‘பாகு வில்லை’. ஸ்காட்லாந்தின் ‘எடின்பரோ ராக்’ வாயிலிட்டதும் பொடிந்து கரைவது. அதைப் பாறை என்பது பொருந்தாவிட்டாலும், இழுத்த பாகிலிருந்தே அதுவும் பிறப்பதால், பாகுத்தண்டு என்பது அதற்கும் பொருந்தும்.