குடுமிக் கதவு ஏன் தரைக்கு அடியில் போகிறது?

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில், பழைய வீடுகளிலிருந்து பெயர்த்த பர்மா தேக்குக் கதவுகள் விலைக்கு நிற்கும். அந்தக் காலத்துக் கதவுகள் பலவற்றுக்குக் கீல் கிடையாது. கதவின் ஓரத்தில் மேலே ஒன்று, கீழே ஒன்று என உருண்டையான முளை துருத்திக்கொண்டிருக்கும். அதுதான் குடுமி. அது நிலையில் உள்ள குழிக்குள் சுழல்வதால் கதவு திறக்கிறது.

இந்தக் கதவை ஃப்ரீகேட் போன்ற ஒரு மென்பொருளில் முப்பரிமாணத்தில் வரைந்து நிலையோடு சேர்த்துப் பாருங்கள். கீழ்க்குடுமியின் வட்ட விளிம்பில் ஒரு கிளிக், குழியின் வட்ட விளிம்பில் ஒரு கிளிக், பிறகு சுழல் மூட்டு, அதாவது ஒரு பாகம் மற்றொன்றின் மேல் ஒரே அச்சைச் சுற்றி மட்டும் சுழலட்டும் என்று சொல்லும் இணைப்பு. கதவு நிமிர்ந்து நிற்கும் என்று பார்த்தால், தலைகீழாகக் கவிழ்ந்து தரைக்கு அடியில் தொங்குகிறது! சில நேரம் நிலையே பெயர்ந்து கதவைத் தேடி வந்துவிடும். உடனே மென்பொருளைத் திட்டத் தோன்றும். பெரும்பாலும் அது, சொன்னதைச் சொன்னபடி செய்திருக்கும்.

மென்பொருளுக்குக் கதவும் தெரியாது, குடுமியும் தெரியாது. நாம் ஒரு வட்ட விளிம்பைத் தொட்டதும் அதன் மையத்தில் ஒரு புள்ளியையும், அதிலிருந்து கிளம்பும் எக்ஸ், ஒய், இசட் என்ற மூன்று அம்புகளையும் வைத்துக்கொள்கிறது. இரண்டாவது விளிம்பிலும் அதேபோல் ஒரு தொகுதி. சுழல் மூட்டு கேட்பது இவ்வளவுதான்: இரண்டு புள்ளிகளும் ஒன்றாக வேண்டும், இரண்டு இசட் அம்புகளும் ஒரே கோட்டில் படிய வேண்டும். குடுமியின் அடிமுகத்துக்கு வெளிப்பக்கம் என்பது கீழ்நோக்கிய திசை. குழியின் வாய்க்கோ மேல்நோக்கிய திசை. இரண்டு அம்பும் ஒரே பக்கம் பார்க்க வேண்டுமென்றால் கதவு 180 டிகிரி கவிழ்வதைத் தவிர வேறு வழியில்லை. திசையை மாற்றும் பொத்தானை ஒருமுறை அழுத்தினால் கதவு எழுந்து நின்றுவிடும்.

நின்ற பிறகும் தரைக்குச் சற்று மேலே மிதக்கிறதா? குடுமியின் நுனி விளிம்பையும் குழியின் வாய் விளிம்பையும் தொட்டிருப்பீர்கள். மிதக்கும் உயரத்தை அளந்து பாருங்கள், குடுமியின் நீளம் அப்படியே வரும். நுனிக்குக் குழியின் அடிவிளிம்பைத்தான் இணை சேர்க்க வேண்டும். நிலை பறந்துவந்ததற்குக் காரணம் இன்னும் சாதாரணமானது: அதை அசையாப் பாகமாக அறிவிக்க மறந்திருப்போம். எது நகர வேண்டும், எது நிற்க வேண்டும் என்று சொல்லாதபோது இரண்டில் எதை நகர்த்தினாலும் கணக்கு சரிதானே.

சரி, இப்போது மேல்குடுமி. அதற்கும் ஒரு சுழல் மூட்டு போடத்தான் எல்லோருக்கும் கை போகும். சிக்கல் தொடங்குவது இங்கேதான்.

வெளியில் கட்டில்லாமல் கிடக்கும் எந்தப் பொருளுக்கும் அசைய ஆறு வழிகள் உண்டு: மூன்று திசைகளில் நகரலாம், மூன்று அச்சுகளில் சுழலலாம். ஒரு சுழல் மூட்டு அதில் ஐந்தை அடைத்து ஒன்றை மட்டும் விடுகிறது. கதவு திறந்து மூட அந்த ஒன்று போதும். இரண்டாவது சுழல் மூட்டும் போட்டால் பத்து நிபந்தனைகள் ஆகின்றன. இருப்பதோ ஆறு வழிகள்! இரண்டு அச்சுகளும் துல்லியமாக ஒரே கோட்டில் இருந்தால் மென்பொருள் உபரியைத் தள்ளிவிட்டுப் பிழைத்துக்கொள்ளும். ஆனால் 1,800 மில்லிமீட்டர் உயரக் கதவில் மேல் குழி 0.1 மில்லிமீட்டர் விலகியிருக்கிறது என்று வையுங்கள். கோணத்தில் அது 0.0032 டிகிரிதான். மரத்தில் இந்த விலகலை யாரும் உணரவே முடியாது. கணக்கிலோ இரண்டு நிபந்தனைகளும் முரண். ஒன்று, பிழைச்செய்தி வரும். இல்லாவிட்டால் கதவு எங்கோ கோணலாகப் போய் நிற்கும்.

பழைய தச்சு வேலையை இந்தக் கணக்கோடு வைத்துப் பார்த்தால் எனக்கு வியப்பாக இருக்கிறது. கதவின் பாரம் முழுவதையும் கீழ்க்குடுமி தாங்குகிறது. மேல்குடுமிக்குப் பாரமே இல்லை. கதவு சாயாமல் பிடித்துக்கொள்வது மட்டுமே அதன் வேலை, அதனால் குழிக்குள் ஏறி இறங்கக் கொஞ்சம் இடமும் உண்டு. இதை மூட்டுக் கணக்கில் எழுதினால், கீழே பந்து மூட்டு, அதாவது இடம் பெயராமல் எந்தப் பக்கமும் திரும்பக்கூடிய இணைப்பு, அது மூன்று நிபந்தனை. மேலே ஒரு புள்ளி ஒரு கோட்டின் மேல் இருக்க வேண்டும், அது இரண்டு. மொத்தம் ஐந்து, உபரி என்று எதுவும் இல்லை. மேல் குழி 0.1 மில்லிமீட்டர் விலகினாலும் கதவு அந்த அளவுக்குச் சாய்ந்துகொண்டு ஒழுங்காகச் சுழலும். கணினியிலும் இப்படியே போடுங்கள். அவ்வளவு மெனக்கெட வேண்டாம் என்றால் மேல் மூட்டை நீக்கிவிட்டு, கீழே ஒரு சுழல் மூட்டோடு நிறுத்திக்கொள்ளலாம்.

நிபந்தனை எல்லாம் சரியாக இருந்தும் பாகம் தவறான பக்கம் போவதுண்டு. நிபந்தனைகளைச் சொல்லிவிட்டால் கணினியே படத்தைப் பொருத்திக்கொள்ளும் என்ற யோசனை புதிதல்ல. ஐவன் சதர்லேண்ட் 1963இல் எம்.ஐ.டி.யில் ஸ்கெட்ச்பேட் என்ற நிரலில் இதைச் செய்துகாட்டினார். இன்றைய மென்பொருள்களும் விடையை ஒரே எட்டில் எடுப்பதில்லை. பாகம் இப்போது இருக்கும் இடத்தில் தொடங்கி, பிழையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டு போகின்றன. முற்றத்தில் பெய்த மழை பக்கத்துப் பள்ளத்தில் தேங்குவதுபோல, கிட்டே இருக்கும் விடையில் நின்றுவிடுகின்றன. இரண்டு விடைகள் பொருந்தும் இடத்தில், கதவு தொலைவில் கவிழ்ந்து கிடந்தால் தவறான விடை கிட்டே இருந்திருக்கும். மூட்டுப் போடும் முன்பே கதவைக் கையால் இழுத்து, நிற்க வேண்டிய இடத்துக்கு அருகே நிமிர்த்தி வைப்பது பாதி வேலையை முடித்துவிடும்.

குற்றவாளி எது என்று தெரியாதபோது எல்லா மூட்டுகளையும் முடக்கிவிட்டு ஒவ்வொன்றாக உயிர்ப்பிக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் பாகத்தைப் பிடித்து இழுத்து, இன்னும் எந்தெந்த வழியில் அசைகிறது என்று பார்க்க வேண்டும். எந்த மூட்டில் துள்ளுகிறதோ அதில்தான் கோளாறு. பொறுமை இல்லாதவர்கள் இதைச் செய்யாமல் புதிய மூட்டுகளாகச் சேர்த்துக்கொண்டே போவார்கள், முடிச்சு இன்னும் இறுகும்.

கடைசியாக, நேற்று வரை சரியாக நின்ற கதவு இன்று துள்ளுவது. நிலையில் ஒரு பூவேலைப்பாடு சேர்த்திருப்பீர்கள். விளிம்புகளை மென்பொருள் எண் போட்டுத்தான் நினைவில் வைக்கும். வேலைப்பாடு புதிய விளிம்புகளைக் கொண்டுவந்ததும் எண்கள் மாறி, குழியின் விளிம்பைச் சுட்டிய மூட்டு இப்போது ஒரு பூவிதழின் விளிம்பைப் பிடித்துக்கொள்கிறது. கதவும் அங்கே போய் ஒட்டிக்கொள்கிறது. 2024 நவம்பரில் வந்த ஃப்ரீகேட் 1.0 இந்தச் சிக்கலைப் பெருமளவு குறைத்தது, முற்றிலும் ஒழித்துவிடவில்லை. இதிலிருந்து தப்ப, குழியின் மையத்தில் நாமே ஓர் அச்சுத் தொகுதியை (முன்பு சொன்ன புள்ளியும் மூன்று அம்புகளும்) வரைந்து, மூட்டை விளிம்பில் மாட்டாமல் அதில் மாட்டலாம். அந்தத் தொகுதியைச் செதுக்கிய முகங்களோடு பிணைக்காமல், அளவைத் தட்டச்சு செய்து நிறுத்த வேண்டும். பிறகு நிலையில் கஜலட்சுமியையே செதுக்கினாலும் கதவு இடம் மாறாது.